வீதியில் ஓடும் காருக்கு அலைன்மென்ட் பாகங்கள் தேவையா?

கார் சற்று இடப்பக்கம் இழுத்தால் "அலைன்மென்ட் போயிட்டுது" என்கிறோம், அதாவது சில்லுகள் நிற்கும் கோணங்கள் பிசகிவிட்டன என்று. ஸ்டியரிங் நடுங்கினாலும் அதே பதில். டயர் எதிர்பார்த்ததற்கு முன்பே வழுக்கையாகிவிட்டாலும் அதே பதில். அப்புறம் யாராவது ஒருவர் "கேம்பர் போல்ட் போடுங்கோ, எல்லாம் சரிவரும்" என்பார். இன்னொருவர் கொழும்பிலிருந்து லோவர் ஆம் செட் ஒன்றை எடுப்பித்துத் தருவதாகச் சொல்வார். 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி தனியாருக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் எல்லோரும் இருந்த காரையே பேணி ஓட்டினோம். அதனால் பாகங்களைப் பற்றிய பேச்சும் பெருகிவிட்டது, பாகங்களை விற்பவர்களும் பெருகிவிட்டார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலைன்மென்ட் பார்ப்பது நல்ல செலவு. அலைன்மென்ட்டுக்கென்று விற்கப்படும் விசேஷ பாகங்களைப் பூட்டுவது, திருகோணமலையில் ஓடும் பெரும்பாலான கார்களுக்குத் தேவையில்லாத செலவு. சில வாகனங்களுக்கு மட்டும் அது உண்மையிலேயே தேவை. எந்த வாகனத்துக்கு என்று பிரித்தறிய, சில்லு எப்படியெல்லாம் கோணலாக முடியும் என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

## தேய்ந்த செருப்பைப் பாருங்கள்

வெள்ளிக்கிழமை மாலை கோணேஸ்வரத்துக்குப் போனால், வெளியே கழற்றிவிட்ட றப்பர் செருப்புகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஒன்றில் குதிகாலின் வெளிப்பக்கம் மட்டும் மெலிந்திருக்கும். இன்னொன்றில் உட்பக்கம் கரைந்திருக்கும். இரண்டும் ஒரே கடையில் ஒரே விலைக்கு வாங்கியவையாகக்கூட இருக்கலாம். வித்தியாசம் நடையில்தான்.

நடை இரண்டு விதமாகக் கோணலாகும். பாதத்தை நேரே வைக்காமல் விரல்களை வெளியே திருப்பி நடப்பவர் உண்டு. பாதம் நேரே இருந்தும் கணுக்கால் ஒரு பக்கம் சரிந்து நடப்பவரும் உண்டு. காரின் சில்லிலும் இந்த இரண்டும் அப்படியே நடக்கின்றன. விலை கூடிய செருப்பு வாங்கினால் நடை திருந்தாது. முழங்காலில் வலி இருந்து நடை மாறியிருந்தால் வைத்தியம் முழங்காலுக்குத்தான். காரிலும் அந்த முழங்கால் எது என்று தேடுவதுதான் வேலை.

## மூன்று கோணங்கள்

காரை மேலேயிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முன் சில்லுகள் இரண்டும் நேர்முன்னே பார்க்கின்றனவா, ஒன்றையொன்று பார்த்து உள்ளே திரும்பியிருக்கின்றனவா, வெளியே திரும்பியிருக்கின்றனவா என்பதைச் சொல்லும் கோணத்துக்கு டோ என்று பெயர். உள்ளே திரும்பியிருந்தால் டோ-இன், வெளியே என்றால் டோ-அவுட்.

டயரைத் தின்பதில் முதலிடம் இதற்குத்தான். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு சில்லு கால் பாகை மட்டும் திரும்பியிருக்கிறது என்று வையுங்கள். சிறிய காரின் டயரில் அது முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றர் வித்தியாசம். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அந்தச் சில்லு ஒவ்வொரு கிலோமீற்றரிலும் 4 மீற்றருக்குச் சற்று மேல் பக்கவாட்டாகப் போக விரும்புகிறது. கார் நேரே போவதால் அதை விடாமல் இழுத்துக்கொண்டு போகிறது. கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர் ஓடினால் இந்தப் பக்கவாட்டு இழுப்பு மட்டும் ஒரு கிலோமீற்றரைத் தாண்டுகிறது. 10,000 கிலோமீற்றர் ஓடும்போது 40 கிலோமீற்றருக்கு மேல். இங்கிருந்து கந்தளாய்க்குப் போகும் தூரம் அளவுக்கு டயர் பக்கவாட்டில் இழுபட்டிருக்கிறது என்று கொள்ளலாம். றப்பர் வளைந்துகொடுப்பதால் அவ்வளவும் உரசலாக மாறுவதில்லை. அப்படியிருந்தும் மிஞ்சுவது ஒரு நல்ல டயரைப் பாழாக்கப் போதும்.

டோ பிழைத்திருக்கிறதா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை வைத்துக் குறுக்காக உட்பக்கத்திலிருந்து வெளியே தடவுங்கள், பிறகு வெளியிலிருந்து உள்ளே தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் அரத்தைத் தொட்டதுபோல் கீறலாகவும் இருந்தால் டோவைச் சந்தேகிக்கலாம். தேய்ந்த டயரில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கக்கூடும், அதனால் முதலில் கண்ணால் பார்த்துவிட்டுக் கையை வையுங்கள்.

அடுத்தது கேம்பர். காரின் முன்னே நின்று பார்த்தால் சில்லு நிமிர்ந்து நிற்கிறதா, மேல்பக்கம் உள்ளே சரிந்திருக்கிறதா, வெளியே சரிந்திருக்கிறதா என்பதைச் சொல்லும் கோணம் இது. உள்ளே சரிந்தால் மறைக் கேம்பர், வெளியே சரிந்தால் நேர்க் கேம்பர். பள்ளிக்கூடக் கணிதத்தில் படித்த அதே மறையும் நேரும்தான். சாதாரணக் கார்களில் முன் சில்லுகள் ஏறத்தாழ நிமிர்ந்தோ, ஒரு பாகைக்கு உட்பட்டு உள்ளே சரிந்தோ நிற்கும்படிதான் கம்பனி அமைக்கிறது. சரிவு கூடினால் டயரின் ஒரு விளிம்பு மட்டும் பாரம் தாங்கும், அந்த விளிம்பு முதலில் போகும். ஆனால் டோ சரியாக இருந்து கேம்பர் மட்டும் அரைப் பாகை பிசகினால் டயர் மெதுவாகத்தான் தேயும். பலர் கேம்பரைக் குறைசொல்லும் இடத்தில் உண்மையான குற்றவாளி பெரும்பாலும் டோ.

மூன்றாவது காஸ்டர். பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரிவது. சில்லு எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த அச்சின் மேல்முனை பின்னோக்கிச் சரிந்திருக்கும். சைக்கிளின் முன்சில்லைப் பிடித்திருக்கும் கவை சரிந்திருப்பதும் இதே விஷயம்தான். வளைவு முடிந்து பிடியைத் தளர்த்தியதும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருகிறதல்லவா, அதற்கு முக்கிய காரணம் காஸ்டர். இது டயரை நேரடியாகத் தேய்ப்பதில்லை. குறைந்துவிட்டால் கார் நேர்வீதியில் அலைபாயும். இடத்துக்கும் வலத்துக்கும் வித்தியாசம் வந்தால் காஸ்டர் குறைந்த பக்கம் இழுக்கும்.

சுருக்கமாக: டோ டயரைத் தின்னும். கேம்பர் விளிம்பைத் தின்னும், ஆனால் மெதுவாக. காஸ்டர் கையில் உணரப்படும்.

## அலைன்மென்ட்டின் தலையில் விழும் மற்றப் பழிகள்

மணிக்கு 80 கிலோமீற்றரைத் தாண்டும்போது ஸ்டியரிங் நடுங்கினால் அது பெரும்பாலும் வீல் பலன்ஸ். ரிம்மும் டயரும் சேர்ந்து சுழலும்போது பாரம் எல்லாப் பக்கமும் சமமாக இல்லை என்று அர்த்தம். ரிம்மில் சிறிய ஈயத்துண்டு ஒட்டிச் சரிசெய்கிறார்களே, அது இந்த வேலைதான். அலைன்மென்ட் மெஷினில் எத்தனை முறை ஏற்றினாலும் இந்த நடுக்கம் போகாது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க்கைப் பாருங்கள்.

இடப்பக்கம் இழுப்பதற்கு இன்னும் எளிய காரணம் ஒன்று இருக்கிறது. மழைநீர் வடிவதற்காக வீதியின் நடுவை உயர்த்தி ஓரங்களைத் தாழ்த்திப் போடுகிறார்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுபவர்கள், ஆகவே கார் எப்போதும் இடப்பக்கச் சரிவில்தான் நிற்கிறது. கையை எடுத்தால் மெல்ல இடப்பக்கம் போவது இயல்பு. போக்குவரத்து இல்லாத சமதரையில், உதாரணமாகப் பெரிய வாகனத் தரிப்பிடம் ஒன்றில், மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகு குற்றம் சொல்லலாம்.

அங்கும் இழுத்தால் முதலில் நான்கு சில்லுக்கும் காற்றுப் பாருங்கள். காற்றுச் சமமாக இருந்தும் இழுத்தால் முன் டயர்கள் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குறை டயரில். திசை அம்புக்குறி போட்ட டயர் என்றால் இப்படி மாற்ற முடியாது, அதைக் கடைக்காரரிடம் விடுங்கள். டயரின் தேய்வும் காற்றைப் பற்றிப் பேசும்: இரண்டு விளிம்பும் தேய்ந்து நடு நிமிர்ந்திருந்தால் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது, நடு மட்டும் தேய்ந்திருந்தால் கூடுதலாக. இங்கும் அங்கும் குழிவிழுந்ததுபோல் தேய்ந்திருந்தால் ஷொக் அப்சோபர் ஓய்ந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம்.

## மெஷினுக்குத் தெரியாத தளர்ச்சி

இந்த விஷயத்தில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இந்தப் பகுதிதான். அலைன்மென்ட் மெஷின் சில்லுகளில் பலகை மாட்டிக் கமராவால் கோணங்களை அளக்கிறது. பாகையில் நூறில் ஒரு பங்குவரை எண் காட்டும். ஆனால் அது அளப்பது நின்றுகொண்டிருக்கும் காரை. வீதியில் நீங்கள் பிரேக் பிடிக்கிறீர்கள், பள்ளத்தில் விழுகிறீர்கள், வளைவில் திருப்புகிறீர்கள். அப்போது சில்லு எந்தக் கோணத்தில் நிற்கும் என்பது மெஷினுக்குத் தெரியாது.

சில்லைக் காருடன் பிணைக்கும் கைகளுக்கு லோவர் ஆம் என்று பெயர். அந்தக் கை உடலோடு சேரும் இடத்தில் றப்பர் குண்டு ஒன்று இருக்கும், அதுதான் புஷ். சில்லின் பக்கம் சேரும் இடத்தில் எந்தத் திசையிலும் அசையக்கூடிய மூட்டு ஒன்று இருக்கும், அது போல் ஜொயின்ட். ஸ்டியரிங்கின் அசைவைச் சில்லுக்குக் கொண்டுபோகும் கம்பி டை ரொட். செருப்பில் நாம் தேடிய முழங்கால் இவைதான்.

புஷ் றப்பர் வெடித்துத் தளர்ந்துவிட்டால், நிற்கும்போது கை தன் இடத்தில் அமைதியாக இருக்கும். மெஷின் பச்சை நிறத்தில் எல்லாம் சரி என்று காட்டும். ஹபரணைக் காட்டுப்பக்கத்தில் யானை ஒன்று வீதிக்கு வர நீங்கள் பிரேக்கை மிதிக்கும்போது சில்லு பின்னால் தள்ளப்படும், தளர்ந்த புஷ் அதற்கு இடம் கொடுக்கும், அந்தக் கணத்தில் டோ மாறிவிடும். மெஷின் அச்சடித்துத் தந்த தாளில் இந்த மாற்றம் எங்கும் பதிவாவதில்லை. "போன மாதம்தான் அலைன்மென்ட் செய்தேன், திரும்பவும் போய்விட்டது" என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் போயிருப்பது புஷ்.

ஆகவே மெஷினில் ஏற்றுவதற்கு முன் காரை உயர்த்தி, சில்லை மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டிப் பார்க்க வேண்டும். லீவரால் ஆம்மை நெம்பிப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் நேரே மெஷினுக்கு ஏற்றும் இடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. எவ்வளவு புதிய மெஷினாக இருந்தாலும் சரி.

தேய்ந்த புஷ்ஷுக்கும் போல் ஜொயின்ட்டுக்கும் பதிலாகக் கம்பனித் தரத்தில் புதியவற்றைப் போட்டு, பிறகு அலைன்மென்ட் பார்த்தால், பத்து வருடப் பழைய கார் ஓட்டத்தில் பெரிய மாற்றம் தெரியும். இதை யாரும் அப்கிரேட் என்று விளம்பரம் செய்வதில்லை. எனக்குத் தெரிந்து காசுக்கு மிக நல்ல பலன் தரும் அப்கிரேட் இதுதான்.

சுருக்கமாக: கோணத்தை அளப்பதற்கு முன், அந்தக் கோணத்தைப் பிடித்துவைத்திருக்கும் மூட்டுகள் இறுக்கமாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

## கம்பனி எதைத் திருப்ப விட்டிருக்கிறது

நம் வீதிகளில் அதிகம் காணும் விட்ஸ், அக்குவா, ஹொண்டா ஃபிட் போன்ற முன்சில்லு இழுவைக் கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட் என்ற தூண். பின்னால் இரண்டு சில்லையும் இணைக்கும் டோர்ஷன் பீம் என்ற ஒற்றை இரும்பு அமைப்பு. இவற்றில் சாதாரணமாகத் திருப்பக்கூடியது முன் டோ மட்டும்தான், டை ரொட்டில் உள்ள மரையைச் சுழற்றி அதை மாற்றுவார்கள். முன் கேம்பரையும் காஸ்டரையும் திருப்ப வசதி கிடையாது, பெரும்பாலும். பின்பக்கம் எதுவுமே திருப்ப முடியாது.

இதைக் கேட்டவுடன் "அப்போ கம்பனி மிச்சம் பிடித்திருக்கிறது, நாங்கள் பாகம் போட்டுச் சரிசெய்யலாம்" என்று தோன்றும். கம்பனி மிச்சம் பிடித்தது உண்மைதான். ஆனால் அந்தக் கோணங்கள் மாறக் காரணமே இல்லாதபடி உறுதியாகக் கட்டியதால்தான் திருப்ப வசதி கொடுக்கவில்லை. உயரத்தை மாற்றாத காரில் அவை மாறியிருந்தால் பெரும்பாலும் ஏதோ வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. வளைந்த ஸ்ட்ரட்டைக் கேம்பர் போல்ட் போட்டு நிமிர்த்துவது, வளைந்ததை மறைப்பதாகும்.

பின்பக்கம் திருப்ப முடியாது என்பதால் அதை அளக்கவும் தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். பின் சில்லுகள் இரண்டும் சேர்ந்து எந்தத் திசையில் தள்ளுகின்றன என்பதுதான் காரின் உண்மையான போக்கு. பீம் வளைந்திருந்தால் கார் சற்றுக் குறுக்காக ஓடும், நேரே போக ஸ்டியரிங்கைக் கோணலாகப் பிடிக்க வேண்டிவரும். நான்கு சில்லையும் அளக்கச் சொல்லுங்கள். ஆனால் பின்பக்கத்தைத் "திருப்பினேன்" என்று டோர்ஷன் பீம் காருக்குக் கூலி கேட்டால், எந்த நட்டைத் திருப்பினீர்கள் பாஸ் என்று மரியாதையாகக் கேட்கலாம்.

வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுத்தாளை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் உங்கள் காரின் மாடலும் ஆண்டும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மாடல் பிழைத்தால் பச்சைக்கும் சிவப்புக்கும் அர்த்தமில்லை. ஸ்டியரிங் கோணத்தை அளக்கும் சென்சர் உள்ள புதிய கார்களில், வேலை முடிந்ததும் அதைத் திரும்பவும் நேருக்கு அமைக்கச் சொல்லவேண்டியும் வரலாம்.

## விற்கப்படும் பாகங்கள் என்ன செய்கின்றன

கேம்பர் போல்ட் என்பது ஸ்ட்ரட்டையும் சில்லின் பக்கத்தையும் இணைக்கும் இடத்தில் உள்ள போல்ட்டுக்குப் பதிலாகப் போடும் மையம் விலகிய போல்ட். அதைச் சுழற்றினால் கேம்பர் ஒரு பாகை அளவுக்கோ சற்றுக் கூடவோ மாறும். விலை குறைவு, பூட்டுவதும் எளிது. ஆனால் அது கம்பனி போல்ட்டைவிட மெல்லியது. கடுமையான பள்ளத்தில் விழுந்தால் வழுக்கி இடம் மாறக்கூடும்.

நீளம் மாற்றக்கூடிய ஆம்கள் விலை கூடியவை. பின்பக்கம் தனித்தனி ஆம்கள் உள்ள கார்களில்தான் அவற்றுக்கு வேலை. டோர்ஷன் பீம் காருக்கு அவற்றைப் பூட்ட இடமே இல்லை.

பொலியூரித்தேன் புஷ் றப்பரைவிடக் கடினமானது. ஆம் அசைவது குறையும், ஸ்டியரிங் சொன்னவுடன் கேட்கும். பதிலுக்கு வீதியின் ஒவ்வொரு கல்லும் உடலுக்குத் தெரியும், கிரீஸ் காய்ந்தால் கிரீச்சிடும். கம்பனி றப்பர் புஷ் சில திசைகளில் மட்டும் வளைந்துகொடுக்கும்படி யோசித்துச் செய்யப்பட்டது. எல்லாத் திசையிலும் ஒரேயளவாகக் கடினமாக்கினால் அந்த யோசனை வீணாகிறது. புல்மோட்டைப் பக்கம் கிறவல் வீதியில் தினமும் ஓடுபவர்களுக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன்.

கொயிலோவர் என்பது உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்கும் ஷொக்கும் சேர்ந்த தொகுதி. இதை அலைன்மென்ட் பாகம் என்று விற்பது வேடிக்கை, ஏனென்றால் காரைத் தாழ்த்தி அலைன்மென்ட்டைக் குழப்புவதே இதுதான். இரண்டு ஸ்ட்ரட்டின் தலைகளையும் குறுக்கே இணைக்கும் கம்பியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பொனட்டைத் திறந்தால் அழகாக இருக்கும்.

## பந்தயக் காரில் பலிப்பது இங்கே ஏன் பலிப்பதில்லை

கட்டுக்குருந்தைப் பந்தய ஓடுபாதையில் ஓடும் காரின் முன் சில்லுகள் இரண்டு பாகைக்கு மேல் உள்ளே சரிந்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. வேகமாக வளையும்போது காரின் உடல் வெளிப்பக்கம் சரிகிறது. பாரத்தின் பெரும்பகுதி வெளிப்பக்கச் சில்லுக்குப் போகிறது, அந்தச் சில்லும் உடலோடு சேர்ந்து வெளியே சரிகிறது. முன்கூட்டியே உள்ளே சரித்து வைத்திருந்தால் அந்த நேரத்தில் டயர் தட்டையாக நிலத்தில் படியும். ஒரு டயர் நிலத்தைத் தொடும் இடம் உள்ளங்கை அளவுதான். அந்த உள்ளங்கை முழுவதும் படியவேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் சரிவு.

இப்போது நம் ஓட்டத்தைப் பாருங்கள். நகருக்குள் மணிக்கு 50, வெளியே 70 என்பது காருக்கான வேக எல்லை. உள்துறைமுக வீதியில் பேருந்துக்கும் முச்சக்கரவண்டிக்கும் மாட்டுக்கும் இடையில் 50ஐத் தொடுவதே அபூர்வம். கந்தளாய் வீதி பெரும்பாலும் நேர். நாம் வளைவில் காருக்குக் கொடுக்கும் வேலை அதன் டயர் தாங்கக்கூடியதில் ஒரு சிறு பங்குதான். அதனால் உள்ளே சரித்து வைத்த சில்லு, அது நியாயப்படும் அந்தக் கணத்துக்கு வந்துசேர்வதே இல்லை. நேரே ஓடிக்கொண்டிருக்கும், உள்விளிம்பு மட்டும் கரைந்துகொண்டிருக்கும். நேராகப் பிரேக் பிடிக்கும்போது நிலத்தில் படியும் றப்பரும் குறைகிறது, மழைநாளில் அது நல்லதல்ல.

சில்லை அழகுக்காகச் சரிக்கும் இளைஞர்கள் உண்டு. அழகு அவரவர் விருப்பம், அதில் நான் வாதிட வரவில்லை. அது ஓட்டத்துக்கு நல்லது என்று மட்டும் சொல்லவேண்டாம்.

சுருக்கமாக: பந்தயக் கோணம் பந்தய வளைவுக்கு. நேர்வீதியில் அது டயருக்குச் செலவு.

## அப்படியானால் யாருக்குத் தேவை

முதலாவது, காரைத் தாழ்த்தியவர்களுக்கு. ஸ்பிரிங்கை மாற்றித் தாழ்த்தும்போது ஸ்ட்ரட்டும் ஆம்மும் நிற்கும் சாய்வு மாறுகிறது. பெரும்பாலும் மறைக் கேம்பர் கூடும், டோவும் கூடவே மாறும். முதலில் டோவைச் சரிசெய்து ஓட்டிப் பாருங்கள். கேம்பர் கம்பனி எல்லைக்குச் சற்று வெளியே நின்றாலும் டோ சரியாக இருந்தால் டயர் தாக்குப்பிடிக்கும். எல்லையைத் தாண்டி அதிகம் போயிருந்தால் கேம்பர் போல்ட்டுக்கு வேலை வந்துவிட்டது. தாழ்த்தாமலே விட்டிருந்தால் இந்தச் செலவே இல்லை என்பது வேறு கதை.

இரண்டாவது, உயர்த்தியவர்களுக்கு. சேருவில, வெருகல் பக்கம் வயலுக்கும் தோட்டத்துக்கும் போகும் டபிள் கெப்களை உயர்த்திப் பெரிய டயர் போடுகிறார்கள். அது அழகுக்காக மட்டும் அல்ல, வெள்ள காலத்தில் தேவையும்கூட. ஹைலக்ஸ் போன்றவற்றில் முன்னால் மேலும் கீழுமாக இரண்டு ஆம்கள் உள்ளன. முன்பக்கத்தை உயர்த்தினால் காஸ்டர் குறைகிறது, கம்பனி கொடுத்த திருப்ப வசதி முடிந்துபோகிறது, வண்டி நேர்வீதியில் அலைகிறது. அதற்கென்று கோணம் மாற்றிச் செய்த மேல் ஆம் போட்டால் காஸ்டர் திரும்பக் கிடைக்கும். இந்த இடத்தில் அப்கிரேட் ஆடம்பரம் இல்லை, உயர்த்திய வேலையின் மறுபாதி. பின்பக்கம் பட்டைச் ஸ்பிரிங்கில் நிற்கும் கட்டையான அச்சு என்பதால் அங்கே திருப்ப எதுவும் இல்லை.

மூன்றாவது கொஞ்சம் அரிது. எதுவும் வளையவில்லை, தேயவில்லை, உயரமும் மாறவில்லை, ஆனாலும் இடத்துக்கும் வலத்துக்கும் கேம்பர் வித்தியாசம் இருந்து கார் விடாமல் இழுக்கிறது. பழைய கார் ஒன்றில் சிறு சிறு பிசகுகள் சேர்ந்து இப்படி வரலாம். ஒரு பக்கம் மட்டும் கேம்பர் போல்ட் போட்டுச் சமன்செய்வது நியாயமானது. விபத்தில் அடிபட்ட கார் இந்தக் கணக்கில் சேராது. அதற்கு முதலில் சேசியை அளக்க வேண்டும்.

இந்த மூன்றிலும் இல்லாதவர்கள் பாகத்துக்கு வைத்த காசை நல்ல டயருக்குப் போடலாம். உண்மையில் வீதியைத் தொடுவது அது மட்டும்தானே.

## கடற்கரை ஊரின் துரு

கொழும்பில் இருப்பவர் எழுதும் ஆலோசனையில் இது அவ்வளவாக வராது. நிலாவெளி, உப்புவெளி, குச்சவெளிக் கரையோரம் நிற்கும் கார்களின் அடிப்பாகத்தை உப்புக்காற்று விடாமல் தின்கிறது. டை ரொட்டின் மரை துருப்பிடித்து இறுகிவிட்டால், மெஷின் எவ்வளவு சரியாக அளந்தாலும் திருப்ப முடியாது. நட்டைச் சூடாக்கி அடித்துக் கழற்றவேண்டி வரும், சில வேளை டை ரொட்டின் முனையையே மாற்றவேண்டி வரும். நீளம் மாற்றக்கூடிய பாகங்கள் என்றால் மரைகள் இன்னும் அதிகம், துருப்பிடிக்கும் இடங்களும் அதிகம். வாங்கும் முன் இதையும் கணக்கில் எடுங்கள்.

காரை சேர்விஸுக்கு விடும்போது அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். டை ரொட் மரையைக் கம்பித்தூரிகையால் துடைத்துக் கிரீஸ் பூசச் சொல்லுங்கள். சில நிமிட வேலைதான். வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் தொடங்கித் தை வரை வீதிகளைக் கிளறிவிடும், தண்ணீர் நிற்கும் பள்ளத்தின் ஆழமும் தெரியாது. ஆகவே அலைன்மென்ட்டை மழை முடிந்தபின் மாசியில் பார்ப்பது புத்தி. மழைக்கு முன் பார்த்துவிட்டுப் பள்ளத்தில் விழுவதில் லாபமில்லை.

கேம்பர் போல்ட் போட்டவர்கள் இன்னொன்றும் செய்யவேண்டும். அலைன்மென்ட் முடிந்த கையோடு போல்ட்டின் தலையிலும் பக்கத்து இரும்பிலும் சேர்த்து ஒரு கோடு பெயின்ட் அடித்துவிடுங்கள். பெரிய பள்ளம் ஒன்றில் விழுந்தபின் குனிந்து பார்த்தால் போதும். கோடு ஒன்றாக இருந்தால் போல்ட் வழுக்கவில்லை. இரண்டாகப் பிரிந்திருந்தால் கேம்பரும் டோவும் சேர்ந்தே மாறியிருக்கும், திரும்ப மெஷினுக்கு ஏற்றும்வரை தூரப் பயணம் வேண்டாம்.